பின்னம் வந்ததும் ஏன் பெருக்குகிறார்கள்?

ஏழாம், எட்டாம் வகுப்புகளுக்குக் கணக்கு எடுக்கிறேன். ஓர் அளவு எத்தனை மடங்கானால் மற்றதும் அத்தனை மடங்காகும் என்ற நேர் மாறல் பாடம் ஒவ்வோர் ஆண்டும் ஒரே இடத்தில்தான் சிக்கும். "3 கிலோ பருப்பு 480 ரூபாய், 5 கிலோ எவ்வளவு?" என்று கேட்டால் பாதி வகுப்பு வாய்க்கணக்காகவே 800 என்று சொல்லிவிடும். அதையே "¾ கிலோ 120 ரூபாய், 2½ கிலோ எவ்வளவு?" என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். இரண்டும் ஒரே கணக்குதான், விலைகூட மாறவில்லை.

போன மாதம் ஒரு மாணவி பலகையில் 120 × ¾ = 90 என்று எழுதினாள். அதை 2½-ஆல் பெருக்கி 225 என்று விடையும் போட்டாள். பெருக்கலில் ஒரு பிழையும் இல்லை. "முக்கால் கிலோவே 120 ரூபாய் ஆகுது. ஒரு கிலோவை 90 ரூபாய்க்குத் தருவாங்களாம்மா?" என்று மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் பலகையையே பார்த்தாள். "இல்ல சார், கூடத்தான் இருக்கணும். கால் கிலோ 40, அப்போ ஒரு கிலோ 160." மீதியை அவளே முடித்தாள்: 160 × 2½ = 400.

அவளுக்குப் பின்னம் தெரியாமல் இல்லை. வகுத்தால் எண் குறையும் என்று முழு எண்களை வைத்துப் பழகிய மனம் நம்பிக்கொண்டிருக்கிறது. விடை பெரிதாக வரவேண்டிய இடத்தில் வகுக்கக் கை வருவதில்லை. ஆனால் 120 ÷ ¾ என்பது 160. ஒன்றுக்குக் குறைவான பின்னத்தால் வகுத்தால் எண் கூடும். "தலைகீழாக்கிப் பெருக்கு" என்ற விதியை மனப்பாடம் செய்ய வைக்கும் நாம், இந்த ஒரு விஷயத்தைக் கண்முன் காட்டாமல் நகர்ந்துவிடுகிறோம். அந்த 160-தான் விகிதசம மாறிலி, அதாவது எடை மாறினாலும் மாறாத ஒரு கிலோ விலை. விலை = 160 × எடை. அது கிடைத்துவிட்டால் எத்தனை கிலோ கேட்டாலும் ஒரே பெருக்கல்தான்.

இரண்டு பக்கமும் பின்னம் வந்தால் பயம் இன்னும் கூடும். "⅔ மணி நேரத்தில் தொட்டியின் ⅝ பங்கு நிரம்புகிறது. முழுத் தொட்டிக்கு எவ்வளவு நேரம்?" முறைப்படி செய்தால் மாறிலி ⅝ ÷ ⅔ = 15/16. அதாவது ஒரு மணி நேரத்தில் தொட்டியின் 15/16 பங்கு. முழுதும் நிரம்ப 16/15 மணி, 64 நிமிடம். நான் முதலில் அதைச் சொல்வதில்லை. ⅔ மணி என்றால் 40 நிமிடம். அதில் எட்டில் ஐந்து பங்கு நிரம்பினால் ஒரு பங்குக்கு 8 நிமிடம், எட்டுப் பங்குக்கு 64. இதைக் கண்ட பிறகு 15/16 என்ற எண் யாரையும் மிரட்டுவதில்லை.

பெற்றோருக்கு ஒன்று சொல்ல வேண்டும். கால், அரை, முக்கால், அரைக்கால் (⅛), மாகாணி (1/16) என்று ஒவ்வொரு பின்னத்துக்கும் தனிப்பெயர் வைத்துப் புழங்கிய மொழி நம்முடையது. திண்ணைப் பள்ளிகளில் இவற்றின் பெருக்கல் வாய்பாட்டை எண்சுவடியில் ஓதினார்கள். இன்றும் வீட்டில் "முக்கால் கிலோ வாங்கிட்டு வா" என்றுதான் சொல்கிறோம். பை வீட்டுக்கு வந்ததும் "அப்போ ஒரு கிலோ என்ன விலை?" என்று கேட்டுப் பாருங்கள். தாளும் பேனாவும் வேண்டாம்.

இன்னொன்று. இரண்டும் சேர்ந்து கூடுகிறது என்பதற்காகவே நேர் மாறல் என்று முடிவு செய்துவிடக் கூடாது. 2013-இல் தமிழக அரசு சென்னை ஆட்டோக்களுக்கு நிர்ணயித்த கட்டணத்தை வகுப்பில் சொல்வேன்: முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அப்புறம் கிலோமீட்டருக்கு 12 ரூபாய். தூரம் இரண்டு மடங்காகி 3.6 ஆனால் கட்டணம்? உடனே 50 என்பார்கள். சரி, போட்டுப் பாருங்கள் என்பேன். 25-உம், மீதி 1.8 கிலோமீட்டருக்கு 21.60-உம் சேர்ந்தால் 46.60. "ஏன் சார் இரண்டு மடங்கு வரல?" என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். அன்றைக்கு மீதி வகுப்பு முழுக்க அந்தக் கேள்விக்குத்தான்.