புது ரொட்டவேட்டர்: எந்தக் குறையைப் பொறுக்கலாம், எதைப் பொறுக்கக் கூடாது

பெரும்போகத்துக்கு மழை இறங்கும் முன்பு, புரட்டாதி ஐப்பசியில்தான் எங்கள் திருகோணமலைப் பக்கம் புதுக் கலப்பையும் ரொட்டவேட்டரும் (டிராக்டரின் பின்னால் கொளுவி, சுழலும் கத்திகளால் மண்ணைக் கிளறும் கருவி) அதிகம் வந்து இறங்கும். கந்தளாய், தம்பலகாமம், கிண்ணியா, மூதூர், எங்கும் ஒரே அவசரம்தான். லொறிக்காரர் அடுத்த இடத்துக்குப் போக வேண்டும் என்று நிற்பார். வாங்கியவர் ஒரு சுற்று நடந்து பார்த்துவிட்டுக் கையெழுத்தைப் போட்டுவிடுவார். அப்புறம்தான் எங்கள் வேலைத்தளத்துக்கு அழைப்பு வரும்: "தம்பி, புதுச் சாமான், ஆனா இப்படி இருக்கு. திருப்பிக் குடுக்கலாமா?"

பெரும்பாலும் அவர்கள் காட்டுவது பெயின்டைத்தான். வழிந்து காய்ந்த துளி, மூலையில் ஓர் உரசல், தகட்டில் வெல்டிங் தெறித்த பொட்டுகள். இது கார் இல்லை. சேற்றில் இரண்டு கண்டம் உழுதால் அடிப்பக்கத்துப் பெயின்ட் எப்படியும் மண்ணோடு போய்விடும். நிலாவெளி, குச்சவெளி போலக் கடற்காற்று அடிக்கும் இடத்தில் வைத்திருப்பவர்கள் மட்டும், வெறும் இரும்பு தெரிகிற இடத்தைத் தேய்த்து அன்றே பிரைமர் பூசிவிடுங்கள். பெயின்டைப் பற்றி இதற்கு மேல் பேச ஒன்றுமில்லை.

நான் பார்ப்பது குறை பெரிதா சிறிதா என்பதை அல்ல, அந்த இடத்தில் பாரம் விழுமா என்பதைத்தான். பின்பக்கத்து மூடித் தகடு ஒரு விரலளவு நெளிந்திருந்தாலும் உழவு நடக்கும். டிராக்டரின் கைகள் கொளுவுகிற காதுத் தகட்டில் மயிரளவு வெடிப்பு இருந்தால், வரம்பு ஏறித் தூக்கும்போது முழு ரொட்டவேட்டரும் அந்த மயிரிலேயே தொங்கும்.

வெல்டிங்கின் அழகு உங்களை ஏமாற்றிவிடும். கரடுமுரடாக, மேடு பள்ளமாக இருந்தாலும் இரண்டு பக்க இரும்பையும் கரைத்துக் கடித்திருந்தால் அது நல்ல வெல்டிங். பார்க்க வழவழப்பாக, கயிற்றை எடுத்துத் தகட்டின் மேல் வைத்ததுபோல் ஓரம் ஒட்டாமல் உருண்டு நிற்பதுதான் ஆபத்து. ஐஎஸ்ஓ 5817 என்ற வெல்டிங் தரநிர்ணயத்தில் பி, சி, டி என்று மூன்று படிகள் உண்டு. ஆகக் கீழ்ப்படியான டியில்கூட, வெல்டிங் ஓரத்தில் இரும்பு கரைந்து விழுந்த பள்ளத்துக்குத் தகட்டின் தடிப்பைப் பொறுத்து 1 மில்லிமீற்றர் வரை இடம் கொடுக்கிறார்கள். வெடிப்புக்கு மூன்று படியிலும் இடமில்லை. உலகம் முழுக்கப் பொறுக்காத ஒன்றை நாம் ஏன் பொறுக்க வேண்டும்?

தம்பலகாமத்தில் ஒரு பெரியவர் பெயின்ட் வழிந்ததற்காகச் சண்டைக்கு ஆயத்தமாக இருந்தார். பார்த்தபோது இடது பக்கக் காதுத் தகட்டின் அடியில், வெல்டிங் ஓரமாகப் பெயின்டில் மெல்லிய கோடு ஒன்று ஓடியது. பெயின்ட் மட்டும் வெடித்ததா, இரும்பும் சேர்ந்து வெடித்ததா என்று கண்ணால் சொல்ல முடியாது. பெயின்டைச் சுரண்டி, மண்ணெண்ணெய் தடவிச் சற்று ஊறவிட்டேன். பிறகு துணியால் காய்கிற அளவுக்குத் துடைத்து, வெண்கட்டித் தூளைப் பூசினேன். கொஞ்ச நேரத்தில் வெள்ளைத் தூளில் ஈரக்கோடு ஒன்று ஊறி வந்தது. உள்ளே புகுந்த மண்ணெண்ணெய் வெளியே வருகிறது, ஆகவே வெடிப்பு இரும்பில்தான். விற்றவர்கள் மேலால் இன்னொரு வெல்டிங் போட்டுத் தருவதாகச் சொன்னார்கள். அதற்கு உடன்படக் கூடாது. வெடிப்பைக் கிரைண்டரால் அடிவரை தோண்டி எடுத்துவிட்டுத்தான் போட வேண்டும், இல்லையென்றால் அது உள்ளே இருந்தபடியே வளரும். அதையும் விற்றவரே செய்யட்டும். நீங்கள் தெருவோரக் கடையில் ஒட்டுவித்தால், பிறகு உத்தரவாதம் கேட்டுப் போகும்போது அதையே காரணமாகக் காட்டுவார்கள்.

அடுத்தது டிராக்டரின் இரண்டு கைகளும் மாட்டுகிற கீழ்ப்பின்கள். டிராக்டரின் அளவைப் பொறுத்துக் கொளுவலில் வகைகள் உண்டு. முதலாம் வகையில் இந்தப் பின்களின் தடிப்பு 22 மில்லிமீற்றர், இரண்டாம் வகையில் 28. பின் மெலிதாக இருந்து கையின் துவாரத்தில் ஆடினால் புஷ் என்ற இரும்பு வளையம் போட்டுச் சரிக்கட்டலாம், அது குறையே இல்லை. மேல்பின்னிலிருந்து இரண்டு கீழ்ப்பின்களுக்கும் டேப் பிடித்துப் பாருங்கள். சிறு வித்தியாசத்தை டிராக்டரின் தூக்குக் கம்பியில் திருகிச் சரிசெய்யலாம். கண்ணுக்கே தெரிகிற சரிவு என்றால் சட்டமே கோணல், திருப்பி அனுப்புங்கள்.

கத்திகளைப் பார்க்கும் முன் ரொட்டவேட்டரைக் கட்டையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துத் திறப்பைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். தூக்கியின் ஒயில் அமுக்கத்தை நம்பிக் கீழே கை விடாதீர்கள். கத்தி கூரான பக்கத்தால் மண்ணில் இறங்க வேண்டும். ஒன்றிரண்டு தலைமாறி இருப்பது புதுச் சாமானில் நடக்கிறதுதான். போல்டைக் கழற்றி மாற்றினால் சரி, இதற்காகச் சண்டை வேண்டாம். ஆனால் அந்தப் போல்ட் தலையில் அதன் பலத்தைக் காட்டும் 8.8 என்ற அடையாளம் அடித்திருக்கிறதா பாருங்கள். அடையாளமே இல்லாத போல்ட் என்றால் மாற்றித் தரச் சொல்லுங்கள். கத்திகள் பூட்டிய தண்டைக் கையால் உருட்டும்போது ஒரே இடத்தில் இறுகி இறுகி விட்டால் தண்டு வளைந்திருக்கலாம், அல்லது பெயரிங் கோணலாக ஏறியிருக்கலாம். இரண்டும் விற்றவர் தலைவலி.

கியர் பெட்டியில் ஒயில் இருக்கிறதா என்று பார்க்காமல் ஓட்டவே வேண்டாம். சிலது வெறும் பெட்டியாகவே வந்து சேரும். ஒயிலை அளவுக்கு விட்டு அரை மணித்தியாலம் சும்மா சுழல விட்டு, எஞ்சினை அணைத்தபின் பாருங்கள். ஒயில் வெளியே வராமல் அடைக்கிற சீல் ஓரத்தில் கொஞ்சம் கிரீஸ் கசிவது பொருத்தும்போது தடவியது. துடைத்துவிட்டு மறுபடி ஓட்டியும் சொட்டினால் சீல் போய்விட்டது. பக்கத்துத் தண்டின் சீலில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஒயில் வெளியே வருகிற வழியால்தான் சேற்றுத் தண்ணீர் உள்ளே போகும். சிறுபோகம் வருவதற்குள் பெயரிங் தூளாகிவிடும்.

இனி கடதாசி. "நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்" என்று அச்சடித்த இடத்தில் கையெழுத்துப் போடும் முன், கண்ட குறையை அதே தாளில், உங்கள் பிரதியிலும் சேர்த்து எழுதுங்கள். ஓட்டிப் பார்க்க நேரமில்லை என்றால் "இன்னும் ஓட்டிப் பார்க்கவில்லை" என்றாவது எழுதுங்கள். லொறிக்காரர் முகம் சுளிப்பார், பரவாயில்லை. இலக்கத் தகட்டையும் குறையையும் படமெடுத்து வையுங்கள். விற்றவர் கைவிரித்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். ஆனால் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும், அதுவும் வாங்கி மூன்று மாதத்துக்குள். புரட்டாதியில் வாங்கியவர் விதைப்பெல்லாம் முடித்துவிட்டு ஆறுதலாகப் பார்ப்போம் என்று இருந்தால், தைப்பொங்கலுக்கு முன்பே அந்தக் காலம் போய்விடும்.