செல் நம்பரை 'ஹாஷ்' செய்துவிட்டால் ஆள் மறைந்துவிடுவாரா?

தேவகோட்டை வாசகர் ஒருவர் கேட்கிறார்: "காரைக்குடியில் நகை வாங்கியபோது பில்லுக்கு செல் நம்பர் கொடுத்தேன். அன்றிலிருந்து போனில் நகைக்கடன் விளம்பரமாக வருகிறது. கடையின் செயலியில் 'எண்ணை ஹாஷ் செய்த பிறகே பகிர்வோம்' என்று போட்டிருக்கிறார்கள். அப்புறம் எப்படி?"

பில், செயலி, இருப்பிடம் எனப் பல இடத்திலிருந்து தகவலை வாங்கி, ஒன்றுசேர்த்து விற்கும் நிறுவனங்கள் இருப்பது தெரிந்ததே. கவனிக்க வேண்டியது அந்த ஒன்றுசேர்க்கும் வேலையை.

ஹாஷ் ஒரு கணக்கு. எஸ்எச்ஏ-256 என்ற முறையில் எதைக் கொடுத்தாலும் 64 எழுத்துச் சரம் வரும். பத்து இலக்கத்தில் ஒன்றை மாற்றினால் சரமே அடையாளம் தெரியாமல் மாறிவிடும். சரத்திலிருந்து எண்ணுக்குத் திரும்பச் சூத்திரம் கிடையாது. அழகான கணிதம்தான். ஆனால் ஒரே எண்ணுக்கு எங்கே, யார் போட்டாலும் அதே சரம்தான் வரும்.

நகரத்தார் குடும்பங்களின் விலாசத்தை நினைத்துப் பாருங்கள். முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகள் மட்டுமே இருக்கும். ஆனாலும் எந்த வீடு என்று ஊருக்கே தெரியும். ஹாஷும் அப்படியொரு விலாசம். நகைக்கடைப் பட்டியலிலும் கடன் நிறுவனத்தின் பட்டியலிலும் ஒரே சரம் இருந்தால், இரண்டு பேரேட்டிலும் இருப்பவர் ஒருவரே. பெயரே தேவையில்லை.

ஒருவர் 91 சேர்த்தும் இன்னொருவர் சேர்க்காமலும் ஹாஷ் செய்தால் சரம் பொருந்தாது. அதனால்தான் விளம்பர நிறுவனங்கள் 'இடைவெளியை நீக்கு, நாட்டுக் குறியீட்டைச் சேர், மின்னஞ்சலைச் சிறிய எழுத்தாக்கு' என்று முன்கூட்டியே விதி வகுக்கின்றன. ஒவ்வொரு கடையும் தனக்கென ஒரு தனிச் சரத்தை எண்ணோடு கலந்து ஹாஷ் செய்தால் பட்டியல்கள் பொருந்தாமல் போகும். துறையில் இதற்கு 'சால்ட்' என்று பெயர். பொருத்துவதே நோக்கம் என்பதால் இங்கே அதைக் கலப்பதில்லை.

இன்னொரு ஓட்டையும் உண்டு. நம் செல் எண்கள் 6, 7, 8, 9இல்தான் தொடங்கும். மொத்தமே 400 கோடி சாத்தியங்கள். விளையாட்டுக் கணினியில் இருக்கும் நல்ல கிராபிக்ஸ் கார்டு அத்தனைக்கும் சில நொடிகளில் ஹாஷ் போட்டுவிடும். பிறகு பட்டியலில் தேடினால் எண் கிடைத்துவிடும். ஹாஷ் செய்வதால் தரவு பெயரற்றதாகிவிடாது என்று அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் 2012இலும் 2024இலும் சொன்னது. நம் 2023 தனிநபர் தரவுச் சட்டத்தைச் செயல்படுத்துவோரும் ஹாஷ் செய்த எண்ணைத் தனிநபர் தரவாகவே நடத்த வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பில் போடும் இடத்தில் நம்பர் கேட்டால் மறுக்கலாம். நம்பர் தராவிட்டால் விற்க மாட்டோம் என்று கடைகள் வற்புறுத்தக் கூடாதென 2023 மே மாதம் ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை அறிவுறுத்தியிருக்கிறது. ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸ், கூகுள், விளம்பரங்கள் என்று போய் விளம்பர அடையாள எண்ணை அழித்துவிடுங்கள். செயலிகள் உங்களைப் பின்தொடரும் ஒரு வழி அதனால் அடைபடும். ஆனால் முன்பே கொடுத்த செல் நம்பரின் ஹாஷ், நீங்கள் நம்பரை மாற்றும் வரை அதே 64 எழுத்துதான்.