ஏப்ரல்ல கோபுர லைட்டை கொஞ்சம் அணைங்களேன்

நான் கால்நடை டாக்டர், சொந்த ஊரு காரைக்கால், இந்தியப் பெருங்கடல்ல இருக்கற ரெயூனியன்ங்கற பிரெஞ்சு தீவுக்கு வந்து பதினோரு வருஷம் ஆச்சு. நாய் பூனைக்கு ஊசி போடுறதுதான் பொழப்பு, ஆனா ஏப்ரல் வந்துட்டா கிளினிக் வாசல்ல அட்டைப்பெட்டி வர ஆரம்பிச்சுடும், தெறந்து பாத்தா முதுகு சாம்பலும் கருப்புமா, வயிறு வெள்ளையா, அலகு நுனி கொக்கி மாதிரி வளைஞ்ச ஒரு பறவை முழிச்சு முழிச்சு பாக்கும். "இது புறாவா டாக்டர்?"ன்னு கேப்பாங்க. இல்லீங்க, பாரோ பெட்ரெல். இந்தத் தீவோட பேச்சு மொழியான கிரியோல்ல தாய்-வான்னு சொல்லுவாங்க, காத்தை வெட்டுறதுன்னு அர்த்தம் (நான் முதல்ல தைவான்லேர்ந்து வந்த பறவைன்னே நெனச்சேன், சிரிக்காதீங்க).

இது கடல் பறவை, ஆனா கூடு இருக்கறது மலை உச்சில. பித்தோன் தெ நேஜ், கிரான் பெனார் பக்கம் 2,000 மீட்டருக்கு மேல செங்குத்தான சரிவுல, குட்டையான புதருங்களுக்கு அடில மண்ணுல வளை தோண்டி வருஷத்துக்கு ஒரே ஒரு முட்டை. இவ்ளோ ஒதுக்குப்புறமா இருக்கறதாலயோ என்னவோ 1964லதான் விஞ்ஞானிங்க தனி இனம்னு பேரே வெச்சாங்க. அம்மா அப்பா கடலுக்குப் போயி மீனும் கணவாயும் தின்னுட்டு வந்து குஞ்சு வாயில கக்கி கக்கி வளக்கும். அந்த ஒத்தப் புள்ள ஏப்ரல்ல தனியா, ராத்திரில, யாரும் வழி காட்டாம, வாழ்க்கைல முதல் தடவையா பறந்து கடலுக்குப் போகணும்.

சிக்கல் அங்கதான். மலைக்கும் கடலுக்கும் நடுவுல நம்ம ஊருங்க இருக்கு. சிலாவோஸ், சேன் லூயி மாதிரி ஊருக்கு மேல பறக்கறப்போ தெருவிளக்கு, ஃபுட்பால் கிரவுண்டு ஃபிளட்லைட், பார்க்கிங் லைட்டு எல்லாம் அதைக் குழப்பிடுது, வெளிச்சத்தையே சுத்தி சுத்தி களைச்சு போயி கீழ விழுந்துடும். கால் ஒடம்போட பின்பக்கமா இருக்கறதால சமதரைலேர்ந்து மறுபடி எழும்பறது ரொம்பக் கஷ்டம். நாய் பூனை கார்னு எதுலயாவது மாட்டும். வருஷா வருஷம் இப்படி நூத்துக்கணக்குல விழுது.

இப்ப இந்தத் தீவுல இருக்கற தமிழ் வம்சாவளி நம்மாளுங்க விஷயத்துக்கு வரேன். தமிழ் வருஷப்பிறப்பு ஏப்ரல் நடுவுல, குஞ்சு பறக்கறதும் அதே நேரம். கோயிலுக்கு கோயில் சீரியல் லைட்டு, கோபுரத்துக்கு கீழேர்ந்து மேல அடிக்கிற வெள்ளை ஃபோகஸ். நெலா வெளிச்சம் நல்லா இருக்கற ராத்திரில கம்மியா விழும், அமாவாசை ஒட்டி வந்தா ஜாஸ்தி. அதனால பஞ்சாங்கம் பாக்கறப்போ நான் நல்ல நேரம் பாக்கறதில்ல, அமாவாசை என்னிக்குன்னு பாக்கறேன்.

மூணு வருஷம் முன்னாடி ஒரு கோயில் தலைவர்கிட்ட போயி கேட்டேன், ஐயா ராத்திரி கோபுர லைட்ட மட்டும் அணைக்க முடியுமான்னு. அவருக்குத் தமிழ்ல தேவாரம் வரும், பேச்சு எல்லாம் கிரியோல்தான். "சாமிய இருட்டுல வெக்க சொல்றீங்களா தொக்தேர்?"னாரு. நான் கேட்டேன், கருவறைல என்ன லைட்டு ஐயா எரியுது? கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல, அப்புறம் சிரிச்சுட்டாரு. பூஜை முடிஞ்சதும் ஃபோகஸ் ஆஃப், வாசல் லைட்டுக்கு மேல தகரத் தடுப்பு, வெள்ளை பல்புக்கு பதிலா மஞ்சள். அவ்ளோதான், பட்டாசு பத்தி நான் வாயே தெறக்கல, ஒரு நாளைக்கு ஒரு சண்டை போதும்.

2009லேர்ந்தே தேசியப் பூங்காவும் செயோர்ங்கற பறவை சங்கமும் சேந்து விளக்கில்லா ராத்திரிங்கன்னு நடத்துறாங்க, நெறைய முனிசிபாலிட்டி தெருவிளக்கையே அணைக்குது. நம்ம வீட்டு மொட்டைமாடி லைட்டுதான் பாக்கி.

விழுந்த பறவைய பாத்தா தயவு செஞ்சு மேல தூக்கி எறியாதீங்க. போன வருஷம் ஒரு பையன் நல்ல மனசோட மாடிலேர்ந்து பறக்க விட்டான், என்கிட்ட வந்தப்ப றெக்கை முறிஞ்சு போச்சு, ஒண்ணும் பண்ண முடியல. துண்டு போட்டு புடிச்சு, ஓட்டை போட்ட அட்டைப்பெட்டில வெச்சு மூடி, இருட்டான எடத்துல வெச்சுட்டு செயோருக்கு போன் பண்ணுங்க, இல்ல பக்கத்து ஃபயர் ஸ்டேஷன்ல குடுங்க. தண்ணி வேணாம், சோறு வேணாம், பால் சத்தியமா வேணாம். காயம் இல்லாததுங்க சீக்கிரமே கடலோரத்துலேர்ந்து கெளம்பிடும்.

லைட்டு மட்டும் பிரச்சனைன்னு சொல்லல. மலை மேல காட்டுப்பூனையா திரியறது எல்லாம் நம்ம வீட்டுப் பூனையோட வம்சந்தான், அது வளைக்குள்ள பூந்து பெரிய பறவைய தின்னா குஞ்சும் சேந்து போச்சு. அதான் என்கிட்ட வர்றவங்கள கருத்தடை பண்ணுங்கன்னு நச்சரிக்கிறேன். எலியும் அப்படித்தான். ரோஷ் எக்ரித் காட்டுல துயி-துயின்னு ஒரு குருவி, அந்த ஒரு மலைய விட்டா உலகத்துல எங்கயும் கெடையாது, அதோட முட்டைய எலி தின்னே அழியற நெலைக்குப் போயி, எலிய கட்டுப்படுத்தின அப்புறம்தான் மெல்ல ஏறுது. பிக்னிக் போற நாம மிச்ச பிரியாணிய மரத்தடில கொட்டிட்டு வந்தா யாருக்கு விருந்துன்னு நீங்களே பாத்துக்கங்க.

இந்த வருஷம் ராத்திரி பத்தரைக்கு அந்தத் தலைவர் போன். கோயில் லைட்டு எல்லாம் அணைச்சாச்சாம், ஆனா எதுத்தாப்ல கிரவுண்டுல மேட்ச், ஒண்ணு வந்து தேர் கொட்டகைல விழுந்துடுச்சு. வாழைப்பழம் வந்த பெட்டில வெச்சிருக்காராம். "தண்ணி வெக்கல தொக்தேர்"னாரு, நான் கேக்கறதுக்கு முன்னாடியே.