திறன் பரிசிலும் தேவை நல்கையும்: ‘தகுதி உதவித்தொகை’ ஏன் பொருந்தாது

அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கை பற்றித் தமிழில் வரும் வழிகாட்டிக் கட்டுரைகளில் ‘மெரிட் ஸ்காலர்ஷிப்’ என்பதைத் ‘தகுதி உதவித்தொகை’ என்றும், குடும்பத்தின் பொருள்நிலையைப் பார்த்துத் தரும் ‘நீட் பேஸ்டு எய்டு’ என்பதைத் ‘தேவை அடிப்படையிலான உதவித்தொகை’ என்றும் எழுதும் வழக்கம் வேரூன்றிவிட்டது. அண்மையில் ஒரு கட்டுரையில், ‘தகுதி உதவித்தொகைக்குத் தகுதி பெறாதவர்கள் தேவை உதவித்தொகைக்குத் தகுதி பெறலாம்’ என்ற வாக்கியத்தைப் படித்தேன். இதில் ‘தகுதி’ மூன்று முறை வருகிறது. முதலாவது மதிப்பெண் முதலிய சிறப்பைக் குறிக்கிறது, மற்ற இரண்டும் விதிப்படி பெறக்கூடிய உரிமையைக் குறிக்கின்றன. மூலத்தை அறியாத வாசகர் இவற்றைப் பிரித்தறிய வழியே இல்லை.

சொற்பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ‘ஸ்காலர்’ என்பது பள்ளியைக் குறிக்கும் இலத்தீன் ‘ஸ்கோலா’விலிருந்து வந்தது, அதற்கும் மூலம் ஓய்வைக் குறித்த கிரேக்கச் சொல். ‘மெரிட்’ ஈட்டுதல், உரியவனாதல் என்னும் பொருளுடைய இலத்தீன் வினையடியில் பிறந்தது. தமிழில் ‘தகுதி’ என்பது ‘தகு’ என்னும் அடியிலிருந்து வருவது. பொருந்துதல், ஏற்றதாதல் என்பன அதன் பொருள்கள். ஆகவே அகராதியை மட்டும் பார்த்து மொழிபெயர்த்தவர் ‘தகுதி’யில் வந்து நின்றதில் வியப்பில்லை.

ஆனால் ஒரு துறைச்சொல் அகராதிக்குப் பொருந்தினால் மட்டும் போதாது; அத்துறையின் மற்றச் சொற்களோடு மோதாமலும் இருக்க வேண்டும். கல்வி நிதித் துறையில் ‘தகுதி’ ஏற்கெனவே ஒரு வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. யார் விண்ணப்பிக்கலாம், யாருக்குக் கிடைக்கும் என்ற விதிமுறைக்கு அதுவே பெயர். கல்விக்கான நிதி உதவி கோரி அமெரிக்க மாணவர்கள் நிரப்பும் ஃபாஃப்சா என்னும் கூட்டரசு விண்ணப்பத்துக்குத் தகுதி உண்டு. வருவாய் குறைந்த மாணவர்க்குக் கூட்டரசு தரும், திருப்பித் தர வேண்டாத பெல் நல்கையைப் பெறுவதற்குத் தகுதி உண்டு. அவற்றில் எதுவும் மதிப்பெண் சிறப்பைப் பார்த்து வருவதன்று. ஹார்வர்டு உள்ளிட்ட ஐவி லீக் குழுவைச் சேர்ந்த எட்டுப் பல்கலைக்கழகங்களும் மெரிட் அடிப்படையில் பணம் தருவதில்லை. குடும்பத்தின் பொருள்நிலையை மட்டுமே பார்த்துத் தருகின்றன. இதை மேற்படி வழக்கத்தின்படி எழுதினால், ‘ஹார்வர்டு தகுதி அடிப்படையில் உதவித்தொகை வழங்குவதில்லை’ என்று ஆகும். அதைப் படிப்பவர், அங்கே தகுதியற்றவர்களுக்குப் பணம் போகிறது என்று எண்ணினால் பிழை அவருடையதன்று. அதைவிடக் கொடுமை, தேவையின் பேரில் பணம் பெறும் பிள்ளையைத் தகுதியின் எதிர்ப்பக்கத்தில் நிறுத்துவது. கடும் போட்டியில் இடம் பெற்ற ஒருவரை வறுமையின் காரணமாகத் ‘தகுதி சாராதவர்’ என்று சொல்ல வைக்கும் கலைச்சொல்லை நாம் ஏன் சுமக்க வேண்டும்?

‘உதவித்தொகை’ என்ற பின்பாதியும் குறையுடையதே. அமெரிக்கக் கல்லூரி அனுப்பும் உதவி அறிவிப்புக் கடிதத்தில் பலவகைப் பணம் ஒரே பட்டியலில் வருகிறது. திருப்பித் தர வேண்டாதவை சில. வட்டியோடு திருப்பித் தர வேண்டிய கடன் சில. வளாகத்தில் வேலை செய்து ஈட்ட வேண்டிய ஊதியம் ஒன்று. இவை அனைத்தையும் ‘உதவித்தொகை’ என்ற ஒரே கூடையில் போட்டுவிட்டு, கடைசி வரியில் உள்ள கூட்டுத்தொகையைக் காட்டி ‘இவ்வளவு கிடைத்துள்ளது’ என்று மொழிபெயர்த்துச் சொல்வது குடும்பத்தைக் கடனுக்குள் தள்ளுவதாகும்.

இச்சொற்குழப்பத்தின் விலை முழுமையாகத் தெரிவது, கல்லூரி இரு வகைப் பணத்தையும் சேர்த்துத் தரும் இடத்தில்தான். ஒரு கல்லூரியில் கட்டணம், உறைவிடம், உணவு, புத்தகம், பயணம் எல்லாம் சேர்ந்த ஓராண்டுச் செலவு 60,000 டாலர் என்று கொள்வோம். குடும்பத்தின் பொருள்நிலையைக் கணக்கிட்டு ஃபாஃப்சா தரும் மாணவர் உதவிக் குறியீடு 20,000. 2024–25 கல்வியாண்டு முதல், பழைய ‘எதிர்பார்க்கப்படும் குடும்பப் பங்களிப்பு’ என்பதற்கு மாற்றாக வந்த எண் இது. செலவிலிருந்து குறியீட்டைக் கழித்தால் 40,000; இதுவே அம்மாணவரின் ‘தேவை’. அதாவது தேவை என்பது இங்கே உணர்ச்சிச் சொல் அன்று, ஒரு கழித்தலின் விடை. கல்லூரி மதிப்பெண்ணைப் பார்த்து 15,000 தருகிறது. தமிழ்க் கட்டுரையைப் படித்த பெற்றோர், 40,000 தேவைக்கும் தனியே பணம் வரும், அதன்மேல் இந்த 15,000மும் வரும் என்று கூட்டிக்கொள்கிறார்கள். பெரும்பாலான கல்லூரிகள் அப்படிச் செய்வதில்லை. அந்த 15,000 முதலில் தேவைக்குள்ளேயே கழிக்கப்படுகிறது. மீந்த 25,000க்குத்தான் நல்கை, கடன், வளாக வேலை ஆகியவற்றைக் கல்லூரி தேடுகிறது. அதையும் முழுவதும் நிரப்பும் கடமை எல்லாக் கல்லூரிகளுக்கும் இல்லை. மாறாக, குறியீடு மிக உயர்ந்து, தேவையே இல்லாத வசதியான வீட்டுப் பிள்ளைக்கு அதே 15,000 கிடைத்தால், குடும்பம் கட்ட வேண்டிய தொகை அப்படியே 15,000 குறையும். ஒரே பரிசு இருவருக்கும் ஒரே பயனைத் தருவதில்லை. இந்த வேறுபாட்டை விளக்க, சிறப்புக்காக வருவதற்கு ஒரு சொல்லும் கழித்தலின் விடையாக வருவதற்கு வேறொரு சொல்லும் கட்டாயம் வேண்டும்.

வெளி அமைப்புகள் தரும் பரிசுப் பணத்துக்கும் இதுவே நிலை. கூட்டரசின் தேவைசார் உதவியைப் பெறும் மாணவரிடம் வந்து சேரும் எல்லாப் பணத்தையும் கல்லூரி கணக்கில் கொள்ள வேண்டும். தேவையை மீறினால் எதையாவது குறைக்க வேண்டும். சில கல்லூரிகள் கடனையும் வளாக வேலையையும் முதலில் குறைக்கின்றன. சில, தம் சொந்த நல்கையைக் குறைத்துக்கொள்கின்றன. பின்னது மாணவர்க்கு ஒரு காசும் மிச்சமாக்காததால், மேரிலாந்து மாநிலம் 2017இல் தன் பொதுப் பல்கலைக்கழகங்களில் இதற்குச் சட்டத்தால் வரம்பிட்டது. வெளிப் பரிசு வந்ததற்காகக் கல்லூரி தன் உதவியைக் குறைப்பதை ஆங்கிலத்தில் ‘ஸ்காலர்ஷிப் டிஸ்பிளேஸ்மென்ட்’ என்பார்கள்; அதை ‘உதவித்தொகை இடப்பெயர்ச்சி’ என்று மொழிபெயர்த்திருக்கிறார்கள். இடப்பெயர்ச்சி என்றால் தமிழ் வாசகர் மனத்தில் ஊர்விட்டு ஊர் போகும் மக்கள் தோன்றுவார்கள், அல்லது இயற்பியல் பாடம் தோன்றும். நடப்பது கழிப்பு. ‘ஈடுகழிப்பு’ என்று சொன்னால், ஒன்று வந்ததற்கு ஈடாக மற்றொன்று கழிக்கப்பட்டது என்பது சொல்லிலேயே தெரியும். வாக்கியத்தின் பொருளைப் பார்க்காமல் சொல்லுக்குச் சொல் வைக்கும் பழக்கம் மொழிபெயர்ப்பாளர்களிடம் நீங்காத வரையில் இத்தகைய சொற்கள் வந்துகொண்டேதான் இருக்கும்.

சரியான சொற்கள் நம்மிடம் இல்லாமல் இல்லை. ஈழத் தமிழர் ‘ஸ்காலர்ஷிப்’ என்பதைப் ‘புலமைப்பரிசில்’ என்கிறார்கள். அங்கே ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளே அப்பெயருடைய பரீட்சையை எழுதுகிறார்கள். எனவே ‘பரிசில்’ பழஞ்சொல், புரியாது என்ற வாதம் நிற்காது. அச்சொல்லின் பழைய வாழ்வும் இங்கே பொருந்துகிறது. தன்னை நேரில் காணாமலே அதியமான் அனுப்பிய பொருளைப் பெருஞ்சித்திரனார் ஏற்க மறுத்து, தான் ‘வாணிகப் பரிசிலன்’ அல்லன் என்று சொன்னது புறநானூற்றில் இருக்கிறது. வறுமையைப் பல பாட்டில் சொன்ன புலவர்தாம் அவர். ஆயினும் தன் அளவை அறிந்து தருவதையே பரிசில் என்று கொண்டார். மெரிட் என்பதன் உட்பொருளை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

முன்பாதிக்குத் ‘திறன்’ என்பதையே பரிந்துரைக்கிறேன். தமிழ்நாட்டின் பள்ளிப் பிள்ளைகள் எழுதும் ‘தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்பு உதவித்தொகை’த் தேர்வின் பெயரிலேயே மெரிட் என்பது ‘திறன்’ என்றும், பொருள்நிலை ‘வருவாய்வழி’ என்றும் வந்துவிட்டன. திறன் என்பது இன்று தொழிற்பயிற்சியை நினைவூட்டுகிறது என்று சிலர் சொல்வார்கள். ஆனால் ‘திறன் பரிசில்’ என்று சேர்ந்து வரும்போது அந்த மயக்கம் நிற்காது. ‘தகைமை’ ஒலியால் ஈர்க்கிறது. ஆயினும் ஈழ வழக்கில் அது கல்விச் சான்றுகளைக் குறிப்பதால் அதுவும் கூடாது. இவை எதுவும் வேண்டாம் என்பவர் ‘மெரிட்’ என்றே எழுதலாம். தனித்தமிழில் எழுதவே நான் விரும்புகிறவன். ஆனாலும் பொருளைக் கெடுக்கும் தமிழ்ச்சொல்லை விட, பொருளைக் காக்கும் பிறமொழிச் சொல் குறைந்த தீங்குடையது.

தேவையின் பேரில், திருப்பித் தர வேண்டாததாக வருவது ‘தேவை நல்கை’. கடன் கடனே, அதற்கு முன் ‘கல்வி’ என்று சேர்க்கலாம், ‘உதவி’ என்று பூசக்கூடாது. எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்ல ‘நிதி ஏற்பாடு’ போதும். இரு மாணவர்க்கும் தேவை ஒன்றாக இருக்க, கல்லூரி தான் விரும்பும் ஒருவருக்கு மட்டும் நல்கையை மிகுத்துக் கடனைக் குறைக்கும் வழக்கமும் உண்டு. அதைத் ‘திறன் கலந்த தேவை நல்கை’ என்று நீட்டியே சொல்லலாம், ஏனெனில் அங்கே இரண்டும் உண்மையாகவே கலந்திருக்கின்றன. வளாக வேலையால் வருவதை மட்டும் எந்தப் பட்டியலிலும் உதவி என்று எழுதாமல் ‘மாணவர் பணி ஊதியம்’ என்று எழுத வேண்டும்; அது மாணவர் உழைத்த பிறகே கைக்கு வருவது, கல்லூரிக் கட்டணத்திலிருந்து முன்கூட்டியே கழிக்கப்படுவதன்று.