‘கிளாசிக்’ என்றால் பார்க்க ஏலாத படமா?

இலங்கை மலையகத்தில் ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் தேநீர்க்கடைகளில் பழைய படங்களைப் பற்றிப் பேச்சு எழுந்தால் ‘கிளாசிக்’ என்ற சொல் இரண்டு விதமாக வந்து விழும். இளையவர் சொன்னால் அது பாராட்டு. வயதானவர் சொன்னால் பெரும்பாலும் நக்கல். “கிளாசிக்குன்னா என்ன தம்பி, பார்க்க ஏலாத படமா?” என்று ஒரு பெரியவர் பிளேன்டீயை உறிஞ்சிக்கொண்டே கேட்டார். பகிடிக்குத்தான் கேட்டார். ஆனால் சொல்லின் பிறப்பைத் தோண்டினால் அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது.

‘கிளாசிஸ்’ என்பது லத்தீன். வகுப்பு என்று பொருள். பழைய ரோமில் குடிமக்களைச் சொத்தின் அளவைப் பார்த்து வகுப்பு வகுப்பாகப் பிரித்திருந்தார்கள். படையில் யார் எங்கே நிற்பது, யாருடைய வாக்குக்கு எவ்வளவு கனம் என்பதெல்லாம் அந்த வரிசைப்படிதான். முதல் வகுப்பில் இருந்த பணக்காரர்தான் ‘கிளாசிக்கஸ்’. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் ரோம எழுத்தாளர் ஔலஸ் கெல்லியஸ் தொகுத்த நூலொன்றில் இந்தச் சொத்துக் கணக்குச் சொல் எழுத்தாளர் தலையில் ஏறுகிறது. ஒரு சொல்லைச் சரியாக எப்படி ஆள்வது என்ற சந்தேகம் வந்தால் ‘கிளாசிக்கஸ்’ ஆன எழுத்தாளரைப் பாருங்கள், ‘புரோலிட்டாரியஸ்’ ஆனவரைப் பார்க்க வேண்டாம் என்று அங்கே வருகிறது. புரோலிட்டாரியஸ் என்றால் பிள்ளைகளைத் தவிர வேறு சொத்து இல்லாதவர். நாம் இன்று பாட்டாளி என்று பெயர்த்து எழுதுகிறோமே, அந்த ஆங்கிலச் சொல்லான ‘புரோலிட்டேரியட்’டுக்கு மூலம் இதுதான். கொழுந்து பறித்து வாழ்ந்த சனம் இதைக் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும்: கிளாசிக் என்பதன் முதல் எதிர்ச்சொல் நாம்தான்.

அப்புறம் ஐரோப்பாவில் கிரேக்க, லத்தீன் நூல்களுக்கு இந்தப் பெயர் நிலைத்தது. பள்ளிக்கூடத்தில் பாடமாக வைக்கத் தக்கது என்ற வாடையும் சேர்ந்துகொண்டது. அங்கிருந்து ஓவியம், இசை, கார், கடைசியில் சினிமா. நம் தியேட்டர்களுக்கோ வகுப்பு புதிதல்ல. கலரி, ஓடிசி, பெல்கனி என்று டிக்கெட்டே மூன்று சாதி. கலரியில் இருந்தவர் விசிலடித்துப் பார்த்த படத்தைப் பெல்கனிக்காரர் மறுநாள் குறை சொல்வார். இன்று தமிழ் சினிமாப் பேச்சில் ‘கிளாஸ் படம்’, ‘மாஸ் படம்’ என்று பிரிக்கிறார்கள் அல்லவா? அதுவும் ரோமாபுரிக் கணக்குத்தான்.

சரி, படங்களுக்கு இந்தப் பட்டத்தை யார் கொடுக்கிறார்கள்? விமர்சகர்களும் திரைப்பட விழாக்களும் பட்டியல்களும். பட்டியல்களில் பேர்போனது பிரித்தானியாவின் ‘சைட் அண்ட் சவுண்ட்’ இதழ் பத்தாண்டுக்கு ஒருமுறை நடத்தும் வாக்கெடுப்பு. 1952இல் முதலிடம் ‘பைசிக்கிள் தீவ்ஸ்’ படத்துக்கு. 1962 முதல் 2002 வரை ஐந்து முறையும் ‘சிட்டிசன் கேன்’. இந்தச் சிட்டிசன் கேன் 1952இல் முதல் பத்தில்கூட இல்லை. 2012இல் அதைக் கீழே தள்ளிய ‘வெர்டிகோ’, 1958இல் வெளிவந்தபோது கலவையான வரவேற்பைத்தான் பெற்றது. முதல் பத்துக்குள் நுழையவே அதற்கு 1982 ஆனது. 2022இல் சாந்தால் அக்கர்மன் இயக்கிய ‘ஜான் டீல்மன்’ முதலிடத்துக்கு வந்தது. அதிலும் சண்டை பிடித்தார்கள். உலகத்தின் தலைசிறந்த படம் என்று யாராவது மேசையில் அடித்துச் சொன்னால், எந்த வருசத்துப் பட்டியல் என்று கேட்டுவிடுங்கள்.

நம் பக்கத்திலும் இதே கதைதான். எஸ். பாலச்சந்தர் 1954இல் எடுத்த ‘அந்த நாள்’ பாட்டும் ஆட்டமும் இல்லாமல் வந்து தியேட்டரில் தோற்றது. இன்று அதைச் சொல்லாமல் தமிழ் சினிமா வரலாறு எழுத முடியாது. ஜப்பானிய இயக்குநர் குரோசாவாவின் ‘ராஷோமோன்’ படத்தை வைத்து அதற்கு ‘தமிழின் ராஷோமோன்’ என்று பட்டம். எனக்கு இந்தப் பட்டம் பிடிக்கவே இல்லை. ராஷோமோன் பார்த்த பாதிப்பில் எடுத்த படம் என்பது சரி. ஒரே ஆளைப் பற்றி ஆளுக்கொரு கதை சொல்வதும் சரி. ஆனால் குரோசாவா எது உண்மை என்று கடைசிவரை சொல்லாமல் விடுகிறார். ‘அந்த நாள்’ படத்திலோ சி.ஐ.டி. வந்து விசாரித்து, ஆளைக் கண்டுபிடித்து, வழக்கை முடிக்கிறார். அது நல்ல துப்பறியும் படம். சிவாஜி அத்தனை வெறுப்பான பாத்திரத்தை ஏற்று, அந்த அமைதியான முகத்தை வைத்துக்கொண்டே நம்மை நம்ப வைக்கிறார். நடுவில் சில விசாரணைகள் இழுவைதான். அதைச் சொன்னால் சினிமா தெரிந்தவர்கள் முறைக்கிறார்கள். முறைக்கட்டும்.

இலங்கையில் தர்மசேன பத்திராஜ 1977இல் யாழ்ப்பாணத்தை வைத்து எடுத்த ‘பொன்மணி’யும் அப்படித்தான். அப்போது ஓடவில்லை, பிறகு மதிப்பு ஏறியது. அதற்கு இரண்டு வருசம் முந்தி வி. பி. கணேசன் தயாரித்து நடித்த ‘புதிய காற்று’ வந்தது. கதை வசனம் தெளிவத்தை ஜோசப். தோட்டத்து மக்களைப் பேசவைத்த படம். உலகப் பட்டியல் எதிலும் அதை யாரும் சேர்க்கப்போவதில்லை. கலைக்கண்ணோடு பார்த்தால் குறைகளும் உண்டு. ஆனாலும் நம் ஆட்களை நம் ஆட்களாகத் திரையில் பார்ப்பது என்ன என்று தெரிந்தவர்கள் அதைத் தம் பட்டியலில் மேலே வைப்பார்கள். அது குருட்டுப் பாசம் என்று எனக்குத் தோன்றவில்லை.

இனி ‘கிளாசிக்’குக்குத் தமிழ்ச்சொல். போஸ்டர்க்காரர்களைக் கேட்டால் ‘காவியம்’ என்பார்கள். வெள்ளிக்கிழமை வந்து திங்கட்கிழமை போகும் படமும் ‘காதல் காவியம்’ ஆகிவிட்டதால் அந்தச் சொல் தேய்ந்துவிட்டது. ‘தொல்சீர்’ என்று ஒரு ஆக்கம் உண்டு. நல்ல சொல், ஆனால் பழமையை மட்டும்தான் நினைவூட்டுகிறது. இலங்கையில் படித்தவர்கள் எழுத்தில் ‘செந்நெறி’ பழக்கமானது. அது ஒரு மரபு, ஒரு நெறி என்ற பொருளில் இலக்கியத்துக்கும் ஆடலுக்கும் பொருந்தும். தனி ஒரு படத்தைச் சுட்ட அவ்வளவு வசதியில்லை.

நிலைத்த சொல் ‘செவ்வியல்’தான். செம்மை என்ற வேரில் பிறந்தது: நேர்மை, சிறப்பு, செப்பம். அதே வேரில் ‘செவ்வி’ என்று ஒரு பழைய சொல் இருக்கிறது. “கதங்காத்துக் கற்றடங்கல் ஆற்றுவான் செவ்வி, அறம்பார்க்கும் ஆற்றின் நுழைந்து” என்கிறது குறள். சினம் காத்துக் கற்று அடங்கியவனை அடைவதற்கு அறம் தக்க நேரம் பார்த்திருக்குமாம். செவ்வி என்றால் இங்கே ஏற்ற காலம். லத்தீன்காரன் சொத்தைப் பார்த்துப் பேர் வைத்தான். நம் சொல்லின் பக்கத்தில் காலம் நிற்கிறது. ‘வெர்டிகோ’வுக்கும் ‘அந்த நாள்’ படத்துக்கும் ‘பொன்மணி’க்கும் நடந்ததை வைத்துப் பார்த்தால் தமிழ்ச்சொல்தான் கூடப் பொருத்தம்.

எழுதும்போது ‘செவ்வியல் படம்’ என்று எழுதலாம். பேச்சில் அது புத்தக வாடை அடித்தால், நம் ஆட்கள் வாயில் ஏற்கெனவே இருக்கிறது: “அந்தப் படம் நின்னுருச்சு.” நின்ற படம். நின்றது என்று ஒப்புக்கொள்வதற்கும் பிடித்தது என்பதற்கும் தொடர்பு கட்டாயமில்லை. ‘அந்த நாள் தமிழின் செவ்வியல் படங்களில் ஒன்று, ஆனால் நடுப்பகுதி எனக்கு இழுவை’ என்பது முரண்பாடு இல்லாத வாக்கியம். முதல் பாதி படத்துக்குக் கிடைத்த மதிப்பைச் சொல்கிறது, மறுபாதி சொல்பவரின் ரசனையைச் சொல்கிறது.

‘கிளாசிக்கல்’ வேறு கணக்கு. இசைக்கும் நடனத்துக்கும் வரும்போது இங்கே சாஸ்திரியம் என்பதே வழக்கம். அதைச் சினிமாவுக்கு இழுக்க வேண்டாம். ‘கல்ட் கிளாசிக்’ என்று இப்போது புதிதாக ஒன்று சுற்றுகிறது. கல்ட்டின் மூலம் வழிபாட்டைக் குறிக்கும் லத்தீன் சொல். ‘வழிபாட்டுப் படம்’ என்று பெயர்த்தால் திருவிளையாடல் வகை என்று நினைத்துவிடுவார்கள். ‘ரசிகர் காப்பாற்றிய படம்’ என்று விரித்துச் சொல்வதே தேவலை.