மூணாவது ஓட்டத்தைக் காட்டச் சொல்லுங்க

கோயம்புத்தூர் கணபதியில் பம்ப்செட் பட்டறை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் போன சித்திரையில் ஒரு டைனோ சீட்டை, அதாவது வண்டியை ரோலர்மேல் ஓட்டிப் பவர் அளந்த சீட்டை, என் மேசையில் வைத்தார். வண்டி ஜாக்குவார் எஃப்-டைப் வி6 எஸ். மூணு லிட்டர், இன்ஜினுக்குள் காற்றை அமுக்கித் தள்ளும் சூப்பர்சார்ஜர், பின்சக்கர டிரைவ். கம்பெனி சொல்லும் கணக்கு, பவர் 380 பிஎஸ் (குதிரைத்திறன்), டார்க் எனும் முறுக்கு விசை 460 நியூட்டன் மீட்டர். வெளியூர் டியூனிங் கடை ஒன்றில் சூப்பர்சார்ஜர் இன்னும் வேகமாகச் சுற்ற அதன் புல்லியைச் சின்னதாக மாற்றி, இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டரான ஈசியுவுக்குப் புது மேப் ஏற்றியிருந்தார்கள்.

"432 பிஎஸ்னு போட்டிருக்குதுங் கண்ணு. ஆனா செட்டிபாளையம் டிராக்குல ரெண்டாவது ரவுண்டுலயே சோந்துபோகுது. சீட்டு பொய்யா, வண்டி பொய்யா?"

நான் கால்குலேட்டரை எடுத்தேன். டைனோ சீட்டு கைக்கு வந்தால் முதலில் செய்ய வேண்டியது இதுதான், காசே செலவில்லை. டார்க்கை ஆர்பிஎம்மால் பெருக்கி 7024ஆல் வகுத்தால் அந்த இடத்து பிஎஸ் வரவேண்டும். கோட்டில் எந்தப் புள்ளியைத் தொட்டாலும் வரவேண்டும். அவர் சீட்டில் 6500 ஆர்பிஎம்மில் டார்க் 397. பெருக்கி வகுத்தால் 367தான் வருகிறது. மேலே 432 என்று கொட்டை எழுத்து. அந்த 65 குதிரை எங்கிருந்து வந்தது? 367ஐ 0.85ஆல் வகுத்துப் பாருங்கள், 432. கியர்பாக்ஸிலும் ஆக்ஸிலிலும் 15 சதவீதம் போகிறது என்று ஊகித்து, பவர் கோட்டுக்கு மட்டும் அதைக் கூட்டி, இன்ஜின் பவராகக் காட்டிவிட்டார்கள். டார்க் கோட்டை அப்படியே சக்கரக் கணக்கில் விட்டுவிட்டார்கள்.

ரோலர் அளப்பது சக்கரத்தில் வரும் பவரை. இன்ஜின் பவர் என்று சீட்டில் இருப்பது அதன்மேல் போட்ட கணக்கு. பெரியவருக்கு இதை விளக்கவே வேண்டியிருக்கவில்லை. "மோட்டார் பிளேட்டுல 5 எச்பி இருக்கும், தண்ணியில வர்றது வேற. அதானுங்க?" என்றார். அதேதான்.

சீட்டின் கீழ் மூலையில் பொடி எழுத்தில் இன்னொன்று இருந்தது: காற்றின் வெப்பம் 52 டிகிரி. நம்மூர்ச் சித்திரைக்குக்கூட ஷெட்டுக்குள் 52 அதிகம். வெப்பம் பார்க்கும் சென்சாரைச் சைலன்சர் பக்கமோ ரேடியேட்டர் பக்கமோ வைத்திருக்க வேண்டும். இது ஏன் முக்கியம் என்றால், டைனோ மென்பொருள் "இன்று காற்று சூடு, மெலிவு; 25 டிகிரியில் ஓடியிருந்தால் இவ்வளவு வந்திருக்கும்" என்று ஒரு திருத்தக் காரணியால் பெருக்குகிறது. கோயம்புத்தூர் கடல்மட்டத்துக்கு 400 மீட்டருக்கு மேல் இருப்பதால், எஸ்ஏஇ ஜே1349 என்ற திருத்த முறைப்படி பார்த்தால் 35 டிகிரி நாளில் ஏழெட்டு சதவீதம் நியாயமாகவே கூடும். சென்சார் மட்டும் 52 காட்டினால் அதன்மேல் இன்னும் 3 சதவீதம். 367இல் அது 11 குதிரை, சும்மா ஏறியது. மென்பொருளில் எஸ்ஏஇக்குப் பதில் எஸ்டிடி என்ற இன்னொரு திருத்த முறைக்கு மாற்றினால் இன்னொரு 4 சதவீதம் ஏறும். மவுஸை ஒரு தடவை அமுக்கினால் போதும், ஸ்பேனரே வேண்டாம்.

டர்போ வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் ஈசியு பூஸ்ட்டை, அதாவது அமுக்கிய காற்றின் அழுத்தத்தை, ஒரே அளவில் பிடித்து வைத்து, காற்று மெலிவதைப் பெருமளவு தானே ஈடுகட்டிவிடும். அதன்மேல் முழுத் திருத்தமும் போட்டால் ஒரே கடனுக்கு இரண்டு தடவை வட்டி. புல்லியில் ஓடும் சூப்பர்சார்ஜருக்கு அந்த வசதி கிடையாது, கிடைத்த காற்றைத்தான் அமுக்கும். அதனால் அங்கே திருத்தம் ஓரளவு பொருந்தும்.

பிறகு வண்டியை எங்கள் ரோலரில் ஏற்றிக் கட்டினோம். மூன்று ஓட்டம், நடுவில் இரண்டிரண்டு நிமிடம்தான் ஆறவிட்டேன். சக்கரத்தில் 346, 338, 321. சாதாரணமாகச் சீட்டில் அச்சாவது முதல் எண் மட்டும்தான்.

பவர் கோட்டை விட்டுவிட்டு பூஸ்ட் கோட்டைப் பார்த்தேன். இந்த வண்டியில் இருக்கும் ரூட்ஸ் வகை சூப்பர்சார்ஜரில் ஆர்பிஎம் ஏற ஏற பூஸ்ட் குறையாமல் நிற்க வேண்டும், இல்லை மெல்ல ஏற வேண்டும். இங்கே 5200இல் 1.05 பாருக்கு வந்து, 6500இல் 0.85க்கு இறங்கியது. ஏர் ஃபில்டர் அடைப்பா என்று சூப்பர்சார்ஜருக்கு முன்னால் அளந்து பார்த்தேன், இல்லை. அமுக்கிய காற்றைத் திருப்பிவிடும் பைபாஸ் வால்வும் சரியாக மூடியிருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால் புல்லியைச் சுற்றிக் கறுப்பாக ரப்பர் பொடி. பெல்ட்டின் உள்பக்கம் கண்ணாடி மாதிரி மினுமினுத்தது. புல்லி சின்னதானால் பெல்ட் பிடிக்கும் இடமும் குறையும். பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரை மாற்றாமல் விட்டால் மேல் ஆர்பிஎம்மில் வழுக்கத்தான் செய்யும்.

அடுத்தது வெப்பம். 35 டிகிரிக் காற்றை 0.8 பாருக்கு அமுக்கினால், அதை ஆற்றும் இன்டர்கூலருக்கு முன்னால் அது நூறு டிகிரியைத் தாண்டும். இந்த வண்டியில் அதை ஆற்றுவது தண்ணீர். இன்ஜினுக்குள் காற்று நுழையும் மேனிஃபோல்டில் முதல் ஓட்டம் முடியும்போது 48 டிகிரி, இரண்டாவதில் 61, மூன்றாவதில் 74. சூடு ஏறினால் நாக்கிங் (பெட்ரோல் நேரம் தப்பி வெடிப்பது) வரும் என்று ஈசியு இக்னிஷன் டைமிங்கைப் பின்னால் இழுக்கிறது, குதிரை குறைகிறது. டைனோ ஷெட்டில் வைக்கும் ஃபேன் எவ்வளவு பெரிதானாலும் அவினாசி ரோட்டில் நூறில் போகும்போது அடிக்கும் காற்றாகாது, உண்மைதான். ஆனாலும் 13 டிகிரி, 13 டிகிரியாக ஏறுவது அதிகம். கூலிங் தண்ணீர் லைனில் காற்று தங்கியிருந்தது. புல்லி மாற்றியபோது லைனைக் கழற்றி, திரும்பக் காற்று எடுக்காமல் மூடியிருக்கிறார்கள்.

இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பெரியவர் குறுக்கிட்டார். "போர் போட்டா முதல் பத்து நிமிசத்துத் தண்ணிய வச்சு ஈல்டு சொல்லுவாங்களா? பம்ப இறக்கி மணிக்கணக்கா ஓட்டித்தானே பாப்போம்." நான் பல வருடமாகப் பசங்களுக்குச் சொல்லித்தர முயன்றதை இவர் இரண்டு வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

காற்று-எரிபொருள் அளவுதான் மற்ற எல்லாவற்றையும்விட அவசரமானது. பவர் குறைந்தால் மனசுதான் கெடும். பெட்ரோல் குறைந்து மிக்ஸ்சர் மெலிந்தால் பிஸ்டன் உருகும். பழைய ஆட்கள் இன்னும் ஒரு பங்கு பெட்ரோலுக்கு எத்தனை பங்கு காற்று என்று 14.7, 11.8 என எண்ணில் பேசுகிறார்கள். 14.7 என்பது சுத்த பெட்ரோலுக்கு. இப்போது பங்கில் வருவது எத்தனால் கலந்த இ20. அதற்கு அந்தக் கணக்கு சுமார் 13.5. அதனால் நான் லாம்டாவில்தான் படிக்கிறேன். எந்தப் பெட்ரோலானாலும் 1 என்பது காற்றும் பெட்ரோலும் மிச்சமில்லாமல் எரியும் சரியான அளவு; அதற்குக் கீழே போனால் பெட்ரோல் அதிகம். முழு பூஸ்ட்டில் 0.80 ஒட்டி இருந்தால் நிம்மதி. இந்த வண்டி அதில் தப்பித்தது. முந்தின மாசம் வந்த ஒரு பையனின் வண்டி மேல் ஆர்பிஎம்மில் 0.93 காட்டியது. பாதி ஓட்டத்திலேயே காலை எடுத்துவிட்டேன். டோ வண்டியில் ஏற்றித்தான் வீட்டுக்கு அனுப்பினேன், அவனுக்கு என்மேல் கோபம். சீட்டில் லாம்டா கோடே இல்லையென்றால் பணம் கொடுக்கும் முன் கேட்டு வாங்குங்கள். எந்தப் பெட்ரோலில் ஓட்டினார்கள் என்பதையும் கேளுங்கள். 100 ஆக்டேனில் டியூன் செய்த வண்டிக்கு வால்பாறை போகும் வழியில் சாதாரணப் பெட்ரோல் போட்டு ஏற்றத்தில் மிதிப்பவர்கள் இருக்கிறார்கள்.

பெரியவர் வண்டிக்குப் புது பெல்ட், கடினமான டென்ஷனர், கூலிங் லைனில் காற்று எடுப்பு. மேப்பைத் தொடவில்லை. நான்கு நாள் கழித்து அதே ரோலர், அதே கியர், அதே டயர் காற்றழுத்தம், சென்சார் ஃபேனுக்கு முன்னால். 351, 348, 347.

சீட்டை வாங்கி மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "346 இருந்தது 351 ஆச்சு. அஞ்சு குதிரைக்காங் கண்ணு இத்தன பில்லு?"

"மூணாவது கோட்டைப் பாருங்கய்யா. 321 இருந்தது."

கொஞ்ச நேரம் இரண்டு சீட்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து வெளிச்சத்தில் பிடித்தார். பிறகு 432 போட்டிருந்த பழைய சீட்டை நாலாக மடித்து, என் மேசையின் ஆடும் காலுக்கு அடியில் செருகிவிட்டுப் போனார். மேசை இப்போது ஆடுவதில்லை.