‘ரன்னிங் பேக்’: புறமுதுகு காட்டியவர் அல்லர்

‘முன்னாள் பின்னோட்டக்காரர், இன்று உயர்நிலைப் பள்ளிப் பயிற்சியாளர்.’ அமெரிக்கக் கால்பந்து வீரர் மைக் ஆல்ஸ்டாட்டைப் பற்றிய ஒரு மொழிபெயர்ப்பைத் திருத்தித் தரச் சொன்னார்கள். அதில் இருந்த வரி இது. ‘ரன்னிங் பேக்’ என்பதை இப்படிப் பெயர்த்து நான் பார்ப்பது நான்காவது முறை. இனிப் பொறுப்பதற்கில்லை.

இங்கே ‘பேக்’ திசையைக் குறிக்கவில்லை, நிற்கும் இடத்தைக் குறிக்கிறது. அமெரிக்கக் கால்பந்தில் தாக்கும் அணியின் 11 பேரில் ஏழு பேராவது பந்து இருக்கும் கோட்டை ஒட்டி வரிசையாக நிற்பார்கள். அவர்களுக்குப் பின்னால் நிற்பவர் ‘பேக்’. தள்ளி நின்ற தூரத்தை வைத்துக் குவார்ட்டர்பேக், ஹாஃப்பேக், ஃபுல்பேக் (கால், அரை, முழு) என்று பெயர்கள் பிறந்தன. அவர்களில் பந்தை வாங்கி ஓடுபவர் ரன்னிங் பேக். சொல் வரலாறு இவ்வளவுதான்.

‘பின்னோட்டக்காரர்’ என்றால் தமிழ்க் காதில் என்ன விழும்? பின்வாங்கி ஓடியவர் என்றுதானே! ஆல்ஸ்டாட் டாம்பா பே பக்கனீயர்ஸ் அணிக்காக 5,088 கெஜம் ஓடியவர். ஓடியே 58 டச் டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக் கோட்டுக்கு அப்பால் கொண்டுசேர்ப்பது) எடுத்தவர். 2003 ஜனவரியில் சான் டியேகோவில் நடந்த சூப்பர் பவுல் இறுதிப் போட்டியில் அந்த அணியின் முதல் டச் டவுன் அவருடையது. இரண்டே கெஜம், அதாவது ஆறடி. எதிரே சுவர்போல் நின்ற ஆட்களுக்குள் பந்தோடு புகுந்து அந்த ஆறடியைக் கடந்தார். அதில் பின்னோட்டம் எங்கே இருக்கிறது?

‘பின்கள வீரர்’ என்று எழுதலாமே என்பார்கள். அது இன்னும் ஆபத்து. உலகக் கோப்பைச் செய்திகளைப் படித்துப் பழகியவருக்குப் பின்கள வீரர் என்றால் கோல் விழாமல் தடுப்பவர். இவரோ தாக்கும் அணியின் ஆள். ‘பந்தேந்தி’ என்று ஒருவர் சொன்னார். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ரன்னிங் பேக்குகளில் ஆல்ஸ்டாட் ஃபுல்பேக் வகை. சக வீரர் வாரிக் டன் பந்தோடு ஓட, முன்னே சென்று எதிரிகளை முட்டி வழி திறந்துவிடுவதும் அவர் வேலை. பந்தைத் தொடாத நேரத்தில் அவரை எப்படிப் பந்தேந்தி என்பது? படையின் முன்பகுதியைத் தூசி என்றும் பின்பகுதியைக் கூழை என்றும் சொன்ன மொழி நம்முடையது. ‘ஓட்டக்கூழை’ என்று ஆக்க எனக்கும் ஆசை உண்டு. ஆனால் இன்றைய வாசகருக்குக் கூழைக்கும்பிடுதான் நினைவுக்கு வரும். ஆகவே ‘பின்வரிசை ஓட்டக்காரர்’ என்பதே சரி. சற்று நீளம்தான். இருந்தாலும் எங்கே நிற்கிறார், என்ன செய்கிறார் என்ற இரண்டையும் சொல்லிவிடுகிறது.

அதே வரியில் ‘உயர்நிலைப் பள்ளி’யும் உறுத்துகிறது. தமிழ்நாட்டில் உயர்நிலைப் பள்ளி பத்தாம் வகுப்போடு முடிகிறது. அமெரிக்காவின் ‘ஹை ஸ்கூல்’ பன்னிரண்டாம் வகுப்பு வரை. அங்கே பந்தாடுகிறவர்களில் பதினேழு பதினெட்டு வயது இளைஞர்களும் உண்டு. அது நம் மேல்நிலைப் பள்ளி. அகராதியில் முதலில் கண்ணில் படும் சொல்லை எடுத்து வைத்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். ஆட்டத்தை ஐந்து நிமிடம் பார்த்திருந்தால்கூட ‘பின்னோட்டக்காரர்’ வந்திருக்க மாட்டார்.

நான் திருத்திக் கொடுத்த வரி இது: ‘கழுத்துக் காயத்தால் 2008 ஜனவரியில் ஓய்வுபெற்ற பின்வரிசை ஓட்டக்காரர் மைக் ஆல்ஸ்டாட், 2012இல் ஃபுளோரிடாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் உள்ள நார்த்சைடு கிறிஸ்டியன் மேல்நிலைப் பள்ளி அணிக்குத் தலைமைப் பயிற்சியாளரானார்.’